வீடு தேடிய யோசேப்பும் மரியாவும்



திருக்குடும்ப விழாவாகிய இன்று நாம் கேட்ட நற்செய்தியில் (மத் 2:13-15, 19-23) ஒரு குடும்பம் இருமுறை இடம் பெயர்கிறது. லூக்கா சொல்லும் பெத்லகேம் பயணத்தையும் சேர்த்துக்கொண்டால், மணமான புதிதிலேயே யோசேப்பும் மரியாவும் மூன்றுமுறை இருக்க இடம் தேட வேண்டியிருந்தது. ஒருமுறை கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது, கிடைத்ததை விட்டுவிட்டு இரவோடு இரவாக ஓட வேண்டியதாயிற்று.

முதலில் பெத்லகேமைப் பார்ப்போம். நம் பங்குகளில் நடக்கும் கிறிஸ்மஸ் நாடகத்தில், இடமில்லை என்று கதவைச் சாத்தும் விடுதிக்காரர் கட்டாயம் வருவார். சிறுவர்கள் போட்டி போட்டுக்கொண்டு ஏற்கும் வேடம் அது! ஆனால் நற்செய்தியில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை. இடம் கிடைக்கவில்லை என்று கூறும் லூக்கா (2:7) அங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘கத்தாலுமா’. இயேசு தம் சீடரோடு பாஸ்கா உணவு உண்பதற்காகக் கேட்ட அறைக்கும் (22:11) இதே சொல்லைத்தான் அவர் எழுதுகிறார். நல்ல சமாரியர் உவமையில், காசு வாங்கிக்கொண்டு ஆள்களைத் தங்கவைக்கும் சாவடிக்கு (10:34) ‘பந்தொகெயோன்’ என்ற வேறு சொல் வருகிறது. எனவே பெத்லகேமில் நிரம்பியிருந்தது, ஒரு வீட்டில் விருந்தினருக்கென்று ஒதுக்கிய அறையாக இருக்கலாம் என்று விவிலிய அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். அக்காலத்து எளிய வீடுகளில் ஆடுமாடுகள் இரவில் வீட்டின் ஒரு பகுதியிலேயே கட்டப்பட்டன. தீவனத் தொட்டியும் அங்கேயே இருந்தது.

இந்த விளக்கம் சரியென்றால் யோசேப்பின் வருத்தம் இன்னும் கூடுகிறது. அவர் தாவீதின் வழிமரபினர். போயிருந்தது தம் முன்னோரின் ஊருக்கு. வேற்றூரில் விடுதி கிடைக்காவிட்டால் மனம் தேறிவிடும். சொந்த ஊரில், நிறைமாத மனைவியோடு நிற்கும்போது உறவுக்காரர் வீட்டிலும் இடமில்லை என்றால், அந்தக் கணவனின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! குழந்தை ஒரு குகையில் பிறந்தது என்ற மரபும் மிகப் பழமையானது. பாலஸ்தீனத்தில் பிறந்த புனித ஜஸ்டின் 2-ஆம் நூற்றாண்டிலேயே அதை எழுதியிருக்கிறார். குகையையே வீட்டின் பின்பகுதியாகக் கொண்ட வீடுகளும் அந்நாட்டில் இருந்தன என்பதால், இரண்டும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை.

அடுத்து ஓர் ஏற்றம் வருகிறது. நம் குடில்களில் ஞானிகளையும் இடையர்களையும் ஒரே இரவில் நிறுத்திவிடுவதால் அது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஞானிகள் வந்தபோது நுழைந்தது ஒரு வீட்டுக்குள் என்கிறார் மத்தேயு (2:11). அதற்குள் அவர்களுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்துவிட்டது. வசதியான குடும்பம் அல்ல. நாற்பதாம் நாள் எருசலேம் கோவிலில் ஆட்டுக்குட்டி கொடுக்க வழியில்லாதவர்களின் காணிக்கையாகிய சோடிப் புறாக்களைக் கொடுத்தவர்கள் (லூக் 2:24, லேவி 12:8). இருந்தாலும் அடுப்பு, பாய், தண்ணீர்ப் பானை என்று மரியா ஒரு வீட்டை அடுக்கிவைத்திருப்பார்.

அந்த வீட்டைத்தான் ஓர் இரவில் விட்டுப் போனார்கள். எகிப்து அப்போது உரோமையரின் நேரடி ஆட்சியில் இருந்தது. ஏரோதின் கை அங்கே எட்டாது. அலெக்சாந்திரியாவில் யூதர்கள் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். திருக்குடும்பம் எங்கே தங்கியது என்று மத்தேயு சொல்லவில்லை. பழைய கெய்ரோவின் புனித செர்ஜியுஸ் ஆலயத்தைக் காப்டிக் கிறிஸ்தவர்கள் அந்த நினைவாகப் போற்றுகிறார்கள். 1952-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ் புலம்பெயர்ந்தோர் பற்றி வெளியிட்ட ஆவணம், எகிப்துக்கு ஓடிய இக்குடும்பத்தை எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாக நிறுத்துகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் புனித யோசேப்பைப் பற்றி எழுதிய மடலில், அவர்களுக்கும் அங்கே உணவும் வீடும் வேலையும் தேவைப்பட்டிருக்கும் என்று நினைவூட்டினார். வானதூதர் கனவில் வழி சொன்னார். வாடகைக்கு வீடு பிடித்துத் தரவில்லை.

ஏரோது இறந்தபின் யோசேப்பு யூதேயாவுக்குத் திரும்பத்தான் எண்ணினார். அங்கே அர்க்கெலா ஆள்வதைக் கேள்விப்பட்டு அஞ்சினார் (மத் 2:22). அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அர்க்கெலா ஆளத் தொடங்கிய கி.மு. 4-இல் பாஸ்கா விழாவின்போது ஏறத்தாழ 3,000 பேரைக் கொன்றான் என்கிறார் வரலாற்றாசிரியர் யோசேபுஸ். கி.பி. 6-இல் உரோமைப் பேரரசரே அவனைப் பதவியிலிருந்து இறக்கி நாடுகடத்தினார். பக்தியுள்ள மனிதர் பயப்படலாமா என்று கேட்பவர்கள் இந்த வசனத்தைப் படிக்க வேண்டும். யோசேப்பு பயந்தார், கனவில் எச்சரிக்கப்பட்டு, குழந்தைக்குப் பாதுகாப்பான ஊராகப் பார்த்தார். நாசரேத்து ஒரு சிற்றூர். ஆனால் ஆறு கிலோமீட்டர் தொலைவில் செப்போரி நகரை ஏரோது அந்திப்பா மீண்டும் கட்டிக்கொண்டிருந்தான். யோசேப்பைப் போன்ற தச்சருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கும் என்று சிலர் கருதுகிறார்கள்.

அன்பானவர்களே, நம் தெருக்களிலும் இளம் தம்பதியர் வீடு தேடி அலைகிறார்கள். முன்பணம் கேட்கிறோம், அது புரிகிறது. அதோடு எந்த ஊர், என்ன ஆளுங்க, கைக்குழந்தை உண்டா என்றும் கேட்கிறோம். ‘என்ன ஆளுங்க’ என்ற கேள்வி சாதியைப் பற்றியது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பதிலைக் கேட்டபின், வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது என்கிறோம். அறிவிப்புப் பலகை மட்டும் மறுநாளும் வாசலில் தொங்குகிறது. அதே வீட்டுக்குள் திருக்குடும்பப் படத்துக்கு முன் விளக்கு எரிகிறது. மெக்சிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை மக்கள் யோசேப்பு-மரியாவின் பெயரால் வீடு வீடாகப் போய் இடம் கேட்டுப் பாடுவார்கள். உள்ளிருப்பவர்கள் முதலில் மறுத்துப் பாடிவிட்டு, கடைசியில் கதவைத் திறப்பார்கள். நம் அன்பியங்களில் இதைச் செய்துபார்த்தால், பாட்டுக்குப் பிறகு நடக்கும் பேச்சு பயனுள்ளதாக இருக்கும்.

நாசரேத்தும் இயேசுவுக்கு நிலைக்கவில்லை. அந்த ஊரார் அவரை ஊருக்கு வெளியே துரத்தினார்கள் (லூக் 4:29). அவர் கப்பர்நாகுமுக்குக் குடிபோனார் (மத் 4:13). அங்கே அவருக்குக் கதவைத் திறந்தது ஒரு மீனவக் குடும்பம். சீமோனின் வீடு அது. மாமியார் காய்ச்சலாய்க் கிடந்த வீடு (மாற் 1:29-31).