இல்லத்து உள்ளழகும் இயற்பியலும்

வீட்டின் உட்புறத்தை அழகுசெய்யப் புகுவோர் பலரும் முதலில் கடைத்தெருவுக்கே செல்கின்றனர். ஆயின் அறையின் அழகு பொருள்களின் விலையாலோ எண்ணிக்கையாலோ அமைவதன்று. அறைக்குள் எந்தப் பரப்பும் தனித்து நிற்பதில்லை. ஒளியாலும் ஒலியாலும் ஒவ்வொன்றும் தன் அண்டையிலுள்ளதை மாற்றிக்கொண்டேயிருக்கிறது. இவ்வுறவை அறிந்து ஆள்வதே உள்ளழகுக் கலையின் முதல் நெறி.

ஒளியை முதலிற் காண்போம். புதிதாக வெள்ளையடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். திரும்பிய ஒளி எதிர்ச்சுவரில் பட்டு மீளும். பின்னர்க் கூரையில் பட்டு மீண்டும் மீளும். தரை, சுவர், கூரை யாவும் 80 விழுக்காடு எதிரொளிக்குமாயின், இப்படித் திரண்டு சேரும் ஒளி, விளக்கு நேரே தருவதைப்போல் ஐந்து மடங்காகும். அவை 50 விழுக்காடே எதிரொளிப்பின் இரு மடங்கோடு நின்றுவிடும். விளக்கு ஒன்றே, வெளிச்சம் வேறு. சன்னல் சிறுத்த அறைக்கு வெளிர்நிறமும், கூரைக்கு வெண்மையும் ஏற்றவை என்பதன் காரணம் இதுவே.

நிறமும் ஒளியைச் சார்ந்தது. பட்டுப்புடவை எடுப்போர் அதனைக் கடைவாயிலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது பொருளற்ற பழக்கமன்று. 2700 கெல்வின் நிறவெப்பநிலையுள்ள மஞ்சள் விளக்கொளியில் நீலக்கதிர் குறைவு. ஆகையால் அதன்கீழ் நீலத்துணி மங்கும், செம்மண்ணிறம் செழிக்கும். 6500 கெல்வின் வெள்ளொளியில் நீலம் துலங்கும். சுவரின் நிறத்தையும் விளக்கின் வகையையும் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

ஒரு நிறம் அடுத்த நிறத்தாலும் மாறித் தோன்றும். பாரிசு நகரின் கோப்லன் நெசவுக்கூடத்தில் சாயப்பகுதித் தலைவராய் இருந்த வேதியியலறிஞர் செவ்ரலிடம் ஒரு குறை வந்தது: நீல, ஊதா ஆடைகளின் மடிப்பு நிழலைக் காட்ட நெய்த கருநூல் வெளிறித் தெரிகிறது என்று. பிற இடங்களின் கருநூலோடு அவர் ஒப்பிட்டார், சாயத்தில் குறையில்லை. அருகிலிருந்த நீலமே கண்ணில் கருமையைத் திரித்திருந்தது. ஒரு நிறம் தன் நிரப்பு நிறத்தின் சாயலை அண்டை நிறத்தின்மேல் ஏற்றும் என்னும் உண்மையை 1839இல் அவர் நூலாக்கி விளக்கினார். சாம்பல்நிறச் சுவர் பச்சை இருக்கைக்கு அருகில் சற்றே செம்மையாய்த் தோன்றுவதும் இதனாலேயே.

செவிக்கும் அழகு உண்டு. 1895இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரைக் கூடமொன்றில் பேசிய சொல் ஐந்து நொடிக்கும் மேலாக அடங்காது முழங்கிற்று. அதனை ஆராய்ந்த வாலசு சபைன், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்பி, ஒலிக்குழலை ஊதச்செய்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது. அறையின் கொள்ளளவு பெருகினால் முழக்கம் நீளும். ஒலியுறிஞ்சும் பரப்பு பெருகினால் அது குறுகும். பளிங்குத் தரையும் வெறுஞ்சுவருமாய் உள்ள கூடத்தில் தொலைக்காட்சியின் பேச்சுத் தெளியாவிடின், ஒலியைக் கூட்டுவதால் பயனில்லை; தடித்த திரைச்சீலையும் கம்பளமும் நூலடுக்கும் வேண்டும்.

இவற்றிலிருந்து செயல்முறை ஒன்று பெறப்படுகிறது. தரை, சுவர், கூரை ஆகிய பெரும்பரப்புகளை முதலில் தீர்மானிக்க, அடுத்து விளக்கை, அதன்பின் துணிகளை, சிறு அணிபொருள்களை இறுதியில். நிறத்தைக் கடையின் அட்டையில் பார்த்துத் தேர்ந்துவிடாது, சுவரிலேயே இரண்டடிச் சதுரம் பூசி, காலையிலும் உச்சியிலும் விளக்கேற்றிய பின்னும் பார்க்க. மூன்று வேளையும் மனத்துக்கு ஒத்த நிறமே அவ்வறைக்கு உரியது.