பாற்கல்

கல் நெடுநாள் நிற்கும் பொருள்; பால் ஒரு நாளில் திரியும் பொருள். தம்முள் முரணிய இவ்விரண்டையும் ஒருங்கே சேர்த்துக் கலைப்பொருள் ஆக்கியவர் செர்மனி நாட்டுக் கலைஞர் வுல்ப்காங் லைப் ஆவர்.

இவர் 1950-ஆம் ஆண்டில் மெட்சிங்கன் என்னும் ஊரில் பிறந்தார்; தூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். தென்னிந்தியக் குடிநீரின் தூய்மையே பட்டத்திற்கு அவர் ஆராய்ந்த பொருள். எனினும், உடலை மட்டும் நோக்கும் மருத்துவம் அவருக்கு நிறைவு தரவில்லை. 1974-இல் கல்வி முடிந்ததும் அத்தொழிலை மேற்கொள்ளாது கலைத்துறை புகுந்தார். பிற்காலத்தில் மதுரைக்கு அருகிலும் ஒரு கலைக்கூடம் அமைத்துக்கொண்டார்.

அவர் முதற் பாற்கல்லைச் செய்தது 1975-இல். வெண்சலவைக்கற் பலகை ஒன்றன் மேற்பரப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணுக்கு எளிதில் புலனாகாத பள்ளம் ஆக்குவார். விளிம்பு மட்டும் இழையளவு உயர்ந்து நிற்கும். அதில் பாலை வார்த்து, விரலால் ஓரம்வரை பரப்புவார். பால் விளிம்பைத் தழுவி நிற்குமேயன்றி வழியாது. சற்றே விலகி நின்று காண்பவர்க்குக் கல்லும் பாலும் வேறாகத் தோன்றா. மாசு மறுவற்ற ஒரே வெண்பரப்பாகத் தோன்றும்.

அந்நிறைவு எத்துணைப் பொழுது நிற்கும்? தூசு படியும், ஆடை படரும், புளித்த மணம் எழும். ஆதலின் நாள்தோறும் பழம்பாலை அகற்றிக் கல்லைக் கழுவிப் புதுப்பால் வார்த்தல் வேண்டும். முதன்முறை வார்ப்பவர் லைப். பின்னர் வார்ப்பவர் காட்சிக்கூடப் பணியாளர். ஓவியத்தைச் சுவரில் மாட்டிவிட்டு மறந்திருக்கலாம். இதனை அவ்வாறு விட இயலாது. வார்க்கும் கை ஓய்ந்தால் எஞ்சுவது வெறுங்கல்லே. 'உண்ணும் பாலை வீணாக்குவதோ?' என வினவுவாரும் உளர். அவ்வினா தள்ளத்தக்கதன்று. ஆயினும், நண்பகலுக்குள் அழியும் என்று அறிந்தே விடியலில் கோலம் இடும் நம் மகளிர்க்கு இக்கலையின் உள்ளம் புதிதாகாது.

லைப் கையாளும் பிறிதொரு பொருள் பூந்தாது. தம் ஊர்ப்புறத்து ஹேசல், பைன் முதலிய மரங்களின் தாதைத் தம் கையாலேயே சேர்த்துக் கண்ணாடிச் சாடிகளில் வைப்பார். ஒரு பருவம் முழுதும் உழைத்தாலும் கிடைப்பது சிறிதே. இவ்வாறு பல்லாண்டுகள் சேர்த்த ஹேசல் தாதை 2013-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிக்கூடத்தின் தரையில் ஏறத்தாழ 18 அடிக்கு 21 அடி அளவில் சலித்துப் பரப்பினார். பசையோ சட்டமோ இல்லை; விரைந்து நடந்தாலும் எழும் காற்றில் கலையக்கூடிய மஞ்சட்பரப்பு அது. காட்சி முடிந்தபின் தாதை வாரிச் சலித்து, மீண்டும் சாடிகளில் நிரப்பி வைப்பது அவர் வழக்கம்.