மதில்கள் இடிந்தபின் மனிதர் எங்கே?

கட்டடங்களின் சரித்திரம் – 9

கொழும்புக் கோட்டையில் ஒல்லாந்தர் கட்டிய வைத்தியசாலை உணவகங்களும் கடைகளும் நிறைந்த இடமாக மாறிய வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே நகரில், அதற்குச் சில ஆண்டுகளின் பின் அதே விதமாகப் புதுப்பிக்கப்பட்ட இன்னொரு கட்டடம் உண்டு; அதன் பழைய கதையைச் சொல்லுகிறவர்கள் குறைவு, கேட்க விரும்புகிறவர்கள் அதனினும் குறைவு. சுதந்திர சதுக்கத்துக்கு அருகே வெண்ணிறச் சுவர்களும் வளைவு வாயில்களும் நீண்ட விறாந்தைகளுமாக இன்று ஜனங்கள் நிரம்பி வழியும் அந்தக் கடைத்தொகுதி, இலங்கையின் நாலா திசைகளிலுமிருந்து, சித்தம் பேதலித்தவர்கள் என்று தீர்மானிக்கப்பட்ட மனிதர்களைக் கொண்டுவந்து வைத்திருந்த ஆஸ்பத்திரியாகும்.

அந்த ஆஸ்பத்திரிக்கு வழங்கிய ஜாவத்தை என்ற பெயர் நம் கிழக்குக் கரையோரத்தாருக்குப் புதிதன்று. 2000 ஆம் ஆண்டு செப்டெம்பரில் மறைந்த நம் தலைவர் எம். எச். எம். அஷ்ரப் அவர்கள் அடக்கம் செய்யப்பட்ட மையவாடி அங்கேதான் இருக்கிறது. அதை ஸியாரத் செய்யக் கல்முனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் சென்றவர்கள் அநேகர். அதே ஜாவத்தையின் பெயரைத் தாங்கிய பழைய மனநோய் வைத்தியசாலை அயலில் நின்றது என்பதையோ, நம் பகுதி மனிதர்களும் அதனுள் இருந்திருக்கக்கூடும் என்பதையோ அவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

பிரித்தானியர் ஆட்சியில், மனநோயாளருக்கென்று தனியான வைத்தியசாலை 1847 இல் பொறளையில் திறக்கப்பட்டது. நோயாளர் தொகை பெருகி அங்கே இடம் போதாமற் போகவே, 1880களில் கறுவாத் தோட்டத்தின் எல்லையில் புதிய கட்டடம் எழுந்தது. நோயாளிக்குக் காற்றும் வெளிச்சமும் அமைதியும் ஒழுங்கான வேலையும் கிடைத்தாற் சித்தம் தெளியும் என்று அக்காலத்து வைத்தியர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையே விறாந்தைகளாகவும் திறந்த முற்றங்களாகவும் உருக்கொண்டது. இன்று கதிரைகள் போட்டுக் கோப்பி பரிமாறும் முற்றங்களை ஒருமுறை நின்று கவனித்தால், நான்கு புறமும் கட்டடம் சூழ, வானம் மாத்திரம் திறந்திருப்பதைக் காணலாம். உள்ளே இருப்பவன் வெயிலையும் காற்றையும் அனுபவிக்கவேண்டும், ஆனால் வெளியேறிவிடக் கூடாது என்ற இரண்டு எண்ணங்களையும் ஒருங்கே நிறைவேற்றும் அமைப்பு அது. கருணையும் காவலும் ஒரே சுண்ணாம்பிற் குழைத்துக் கட்டப்பட்ட இத்தகைய கட்டடங்கள் அந்த நூற்றாண்டில் உலகெங்கும் எழுந்தன.

இந்த இடமும் நிரம்பி வழிந்தது. 1920களின் பிற்பகுதியில் நோயாளர் அங்கொடையில் எழுந்த பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டனர். வெறிதான கட்டடத்தில் அரச அலுவலகங்கள் குடியேறின. நெடுங்காலம் அது கணக்காய்வாளர் நாயகத்தின் திணைக்களமாக விளங்கியது. யுத்தம் முடிந்தபின் தலைநகரை அழகுபடுத்தும் முயற்சியில் இறங்கிய நகர அபிவிருத்தி அதிகார சபை அதனைப் புதுப்பித்து, 2014 ஆம் ஆண்டு கடைத்தொகுதியாகத் திறந்துவைத்தது. இடித்துத் தள்ளாமல் காப்பாற்றினார்களே என்பதற்காக நாம் நன்றி சொல்லவேண்டும். அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1878 இல் திறக்கப்பட்டு 1992 இல் மூடப்பட்ட டான்வர்ஸ் மனநோய் வைத்தியசாலைக்கு அந்தப் பாக்கியமும் வாய்க்கவில்லை. அதன் நடுப்பகுதியின் வெளிச்சுவர்களை மாத்திரம் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தரைமட்டமாக்கி, அவ்விடத்தில் அடுக்குமாடி வீடுகளை எழுப்பினார்கள்.

ஆயினும் சுவரைக் காப்பாற்றுவதும் சரித்திரத்தைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488 இல் பள்ளிவாசலோடு சேர்த்துக் கட்டுவித்த வைத்தியசாலையில், மனநோயாளருக்கு இசையும் நீரோசையும் நறுமணமும் மருந்தாக வழங்கப்பட்டன. அந்தக் கட்டடமும் பாழடைந்து கிடந்ததுதான்; ஆனால் அதை மீட்டவர்கள் அங்கே அங்காடி வைக்கவில்லை. இன்று அது வைத்திய அரும்பொருட்சாலை. அங்கே நோயாளிகள் எவ்வாறு பராமரிக்கப்பட்டார்கள் என்பதை அந்த அறைகளிலேயே நின்று தெரிந்துகொள்ளலாம். மனநோயாளியை அல்லாஹ்வின் அமானிதமாக எண்ணிப் பேணிய மரபு நம்முடையது என்று பெருமையாகப் பேசுகிற நாம், அந்த மரபுக்கு இப்படியொரு சாட்சி நிற்பதையும் அறிந்திருத்தல் நலம். கொழும்புக் கடைத்தொகுதியிலும் ஓர் அறை, ஒரேயோர் அறை, அங்கே வாழ்ந்து மடிந்தவர்களின் ஞாபகத்துக்கென்று ஒதுக்கப்படுமானால் வியாபாரம் குறைந்துவிடாது. வருகிற இளைஞர்களின் அறிவோ பெருகும்.

ஞாபகத்தினும் பெரிய கடன் இன்னொன்று உண்டு. ஆஸ்பத்திரியின் வாயிலை மூடும்போது உள்ளே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதே அது. ஜாவத்தையிலிருந்தவர்கள் இன்னொரு பெரிய மதிலுக்குள்தான் போனார்கள். இத்தாலியின் திரியெஸ்தே நகரில் நடந்தது வேறு. அங்கே 1971 இல் மனநோய் வைத்தியசாலையின் பொறுப்பை ஏற்ற பிராங்கோ பசாலியா என்ற வைத்தியர், கட்டடத்தைக் காலி செய்வதற்கு முன்னே ஊருக்குள் சிகிச்சை நிலையங்களையும் தங்குமிடங்களையும் வேலைவாய்ப்பையும் உண்டாக்கத் தலைப்பட்டார். 1973 இல் நோயாளர்களும் கலைஞர்களும் சேர்ந்து மரத்தாலும் காகிதக் கூழாலும் பெரிய நீலக் குதிரையொன்றைச் செய்து ஊர்வலமாக வெளியே கொண்டுவர முனைந்தபோது, குதிரை வாயிலைவிட உயரமாக இருந்தது. குதிரையைச் சிறிதாக்க அவர்கள் சம்மதிக்கவில்லை, வாயிலையே உடைத்தார்கள். 1978 இல் இத்தாலி அத்தகைய ஆஸ்பத்திரிகளைப் படிப்படியாக மூடும்படி சட்டமே இயற்றிற்று. திரியெஸ்தே வளாகத்தில் இன்று ரோஜாத் தோட்டமும் பல்கலைக்கழகக் கட்டடங்களும் இருக்கின்றன. இரண்டு நகரங்களிலும் பழைய கட்டடம் புது வாழ்வு பெற்றது. ஆனால் திரியெஸ்தேயில் முதலில் புது வாழ்வு பெற்றவர்கள் மனிதர்கள்.

நம் கரையிலிருந்து இதைப் பார்க்கும்போது அதன் அர்த்தம் இன்னும் கூர்மையாகிறது. அங்கொடை என்றால் நம் ஊர்களில் ஏச்சுச் சொல். ஆனால் பிள்ளையை அங்கே கொண்டுபோன ஓர் உம்மாவுக்கு அது 300 கிலோமீட்டருக்கும் அதிகமான பிரயாணம். யுத்த காலத்தில் வழிநெடுக இறங்கி ஏறிய சோதனைச் சாவடிகள். கையில் கிளினிக் கொப்பியும் அடையாள அட்டையும். போய்ச் சேர்ந்த பின்னர், தன் உள்ளத்தில் நடப்பதைச் சொல்லத் தமிழ் மட்டுமே தெரிந்த மகனுக்கும் சிங்களத்தில் விசாரிக்கும் வைத்தியருக்கும் இடையே விழும் மௌனம். காய்ச்சலை மொழியில்லாமலும் அறியலாம், மனத்தின் நோயை எப்படி அறிவது? தூரம் நீண்டால் உறவு மெலியும். உறவு மெலிந்தால் குணமானவனையும் அழைத்துவர ஆள் இராது. பெரிய ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்ததற்கு நோயோடு இந்தக் கைவிடுதலும் ஒரு காரணமாகும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்து, இத்தீவின் மற்றெந்த மாவட்டத்தையும்விட அம்பாறையில் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனபின், உள்ளம் உடைந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அத்தனை பேரையும் அங்கொடைக்கு அனுப்ப இயலாது என்பது யாருக்கும் விளங்கிற்று. அடுத்த ஆண்டு, 2005 இல், நாட்டின் மனநலக் கொள்கை சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லுவதென்று வகுக்கப்பட்டது. இன்று கல்முனையிலேயே, நம் மொழியிலேயே மனநல வைத்தியம் பெறலாம். இது சிறிய காரியமல்ல.

எனினும், ஊருக்கு வந்த வைத்தியத்தை நாடிப் போகாமல் நம்மைத் தடுப்பது இப்போது தூரமன்று, வெட்கம். மகளின் கலியாணம் தடைப்படும் என்று அஞ்சி மகனின் நோயை மறைக்கிற வாப்பாவும், தண்ணீர் ஓதி இசிம் கட்டுவதோடு நிறுத்திவிடுகிற வீட்டாரும் தம்மையறியாமலே வீட்டின் பின்னறையில் ஒரு ஜாவத்தையைக் கட்டுகிறார்கள். ஓதிப் பார்ப்பதை யாரும் விடவேண்டியதில்லை. ஓதிய மௌலவியே, “கிளினிக்குக்கும் கொண்டு போங்க வாப்பா” என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த வார்த்தைக்கு எந்தச் சுற்றறிக்கைக்கும் இல்லாத வலிமை உண்டு. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள் வருடத்தில் ஒரு ஜும்ஆவின் குத்பாவையாவது இந்த விஷயத்துக்கு ஒதுக்கட்டும். நோய் தணிந்து திரும்பியவனுக்குக் கடையிலோ வள்ளத்திலோ தறியிலோ ஒரு வேலை கொடுக்க முதலாளிமார் முன்வரட்டும். கொழும்பில் ஒரு கட்டடத்தைப் புதுப்பிக்க அரசாங்கத்தின் பணம் தேவைப்பட்டது. இந்தக் காரியங்களுக்கு நம் ஊராரின் மனம் இசைந்தாற் போதும்.

அடுத்த வாரம், மட்டக்களப்பு வாவியின் நடுவே தொழுநோயாளருக்கென்று ஒதுக்கப்பட்ட மாந்தீவின் சரித்திரத்தைக் காண்போம்.

(தொடரும்)