நிறுவனத்தை விட்டார், பாடல்கள் அங்கேயே இருந்தன: மடோனா ஏன் வார்னருக்கே திரும்பினார்?

“இந்தப் பொண்ணு இன்னுமா பாடுது?”

என் கைப்பேசியில் வந்த செய்தியை எட்டிப் பார்த்துவிட்டு அத்தை இப்படிக் கேட்டார். 1980-களின் கடைசியில் தோட்டத்தை விட்டுப் பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை வேலைக்குப் போனவர் அவர். விடுதியில் உடன் தங்கியிருந்த மலாய், சீனத் தோழிகளோடு மடோனாவின் காசெட்டைத் தேயத் தேயக் கேட்ட கதையை இன்றும் சொல்வார். பாட்டின் அர்த்தம் யாருக்கும் முழுசாகப் புரியாதாம். ஆட்டம் மட்டும் எல்லாருக்கும் வருமாம்.

செய்தி இதுதான். 2025 செப்டம்பரில், தன்னை வளர்த்த வார்னர் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்திற்கே திரும்புவதாக மடோனா அறிவித்தார். 2005-இல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற ‘கன்ஃபெஷன்ஸ் ஆன் எ டான்ஸ் ஃப்ளோர்’ ஆல்பத்தின் தொடர்ச்சியாக, அதே இசைத் தயாரிப்பாளர் ஸ்டூவர்ட் பிரைஸுடன் சேர்ந்து, 2026-இல் புதிய நடன ஆல்பம் வரும் என்பது அறிவிப்பு.

இதைச் சொன்னதும் அத்தையிடமிருந்து அடுத்த கேள்வி வந்தது: “விட்டுட்டுப் போன கம்பெனிக்கே எதுக்குத் திரும்பி வரணும்?”

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1982-இல் வார்னரின் துணை நிறுவனமான சையர் ரெக்கார்ட்ஸ் மடோனாவை ஒப்பந்தம் செய்தது. அதன் தலைவர் சீமோர் ஸ்டைன் அப்போது மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். மாதிரிப் பாடல் காசெட்டை அங்கேயே கேட்டவர், அந்தப் பெண்ணை உடனே வரச் சொல்லிவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் ‘எவ்ரிபடி’ வெளிவந்தது. 1984-இல் வந்த ‘லைக் எ வெர்ஜின்’ ஆல்பத்திற்குப் பிறகு அவரைத் தெரியாத நாடு இல்லை என்றானது. இதுவரை அவருடைய இசைத்தட்டுகள் உலகம் முழுவதும் 300 மில்லியனுக்கு மேல் விற்றதாகக் கணக்கு. அதில் பெரும்பங்கு வார்னர் காலத்தில் வந்த பாடல்களுடையது.

அந்தப் பாடல்கள் யாருடையவை? இங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது.

ஒரு பாட்டில் இரண்டு தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, பாட்டின் வரிகளும் மெட்டும். அது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியது. மற்றொன்று, அந்தப் பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிப் பதிவு செய்த மூலப்பதிவு. செலவு செய்து பதிவு செய்த நிறுவனத்திடமே மூலப்பதிவு இருப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். பாடியவருக்கு விற்பனையில் ஒரு பங்கு கிடைக்கும். பதிவு அவர் கைக்கு வராது.

நமக்குத் தெரிந்த வாழ்க்கையிலேயே இதற்கு ஓர் உவமை உண்டு. ஒரே நிரையில் முப்பது வருடம் பால் வெட்டியவருக்கு, எந்த மரம் மழைக்காலத்தில் எவ்வளவு கொடுக்கும் என்பது மனப்பாடம். அந்த மரம் செழிப்பாக நிற்பதற்கு அவருடைய கைப்பக்குவமும் காரணம். ஆனால், வேலையை விட்டுப் போகும் நாளில் ஒரு மரத்தைக்கூட உடன் கொண்டுபோக முடியாது. மரம் தோட்டத்து மரம். கைத்தொழில் மட்டும் அவரோடு போகும்.

பாடகருக்கும் அப்படித்தான். நிறுவனத்தை விட்டு விலகினாலும் பழைய பாடலை மேடையில் பாட எந்தத் தடையும் இல்லை. பாட்டை எழுதியவர்களுக்குச் சேர வேண்டிய உரிமத் தொகை போய்ச் சேர்ந்தால் போதும், பதிவு நிறுவனத்தைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால், அதே பாடலின் பழைய பதிவைத் தட்டாக அடித்து விற்கவோ, விளம்பரத்திற்குக் கொடுக்கவோ மூலப்பதிவு வைத்திருப்பவரால்தான் முடியும்.

மடோனா தன் பாடல்கள் பலவற்றின் ஆக்கத்தில் பங்கு பெற்றவர். ‘எவ்ரிபடி’ அவர் தனியாகவே எழுதியது. ஆனால் ‘லைக் எ வெர்ஜின்’, ‘மெட்டீரியல் கேர்ள்’ போன்ற புகழ்பெற்ற பாடல்களை எழுதியவர்கள் வேறு ஆட்கள். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் கணக்கு வேறு வேறு.

இப்போது 2007-க்கு வருவோம். இசைத்தட்டு விற்பனை சரிந்துகொண்டிருந்த காலம். பாடல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் பழக்கம் 1999-இல் நாப்ஸ்டர் வந்ததிலிருந்தே பரவியிருந்தது. 2003-இல் மடோனா ஒரு வேலை செய்தார். புதிய ஆல்பத்தின் பாடல்கள் என்ற பெயரில் போலிக் கோப்புகளை இணையத்தில் உலவவிட்டார். திருட்டுத்தனமாக இறக்கிக் கேட்டவர்களுக்குப் பாட்டுக்குப் பதில் அவருடைய வசவுதான் கிடைத்தது. பதிலுக்கு யாரோ அவருடைய இணையத்தளத்தையே ஊடுருவிவிட்டார்கள். திட்டி நிறுத்திவிட முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஆனால் மேடை நிகழ்ச்சியை யாராலும் இறக்கிக்கொள்ள முடியாது. டிக்கெட் வாங்கித்தான் வர வேண்டும். பழைய பாடல்களைப் பதிவு நிறுவனத்தின் தயவில்லாமல் காசாக்கக்கூடிய இடமும் அதுதான்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர், 2007 அக்டோபரில் வார்னரை விட்டு லைவ் நேஷன் நிறுவனத்துடன் பத்தாண்டு ஒப்பந்தம் செய்தார். லைவ் நேஷன் இசைத்தட்டு நிறுவனமே இல்லை. கலைநிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம். சுற்றுப்பயணம், டி-சட்டை முதலான விற்பனைப் பொருள்கள், புதிய ஆல்பங்கள் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்த அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு ரொக்கமும் பங்குகளுமாகச் சுமார் 120 மில்லியன் அமெரிக்க டாலர் என்று செய்திகள் வந்தன. அப்போது அவருக்கு வயது 49. இந்த வயதுப் பாடகிக்கு இவ்வளவா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள்.

வார்னருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியாக 2008-இல் ‘ஹார்ட் கேண்டி’ ஆல்பமும், 2009-இல் ‘செலிப்ரேஷன்’ என்ற தொகுப்பும் வந்தன. அதே சமயத்தில் நடந்த ‘ஸ்டிக்கி அண்ட் ஸ்வீட்’ உலகச் சுற்றுப்பயணம் 400 மில்லியன் டாலருக்கு மேல் வசூலித்தது. ஒரு தனிக் கலைஞரின் பயணத்திற்கு அன்று அது சாதனை. முகம் சுளித்தவர்கள் அடங்கினார்கள்.

பாட்டின் பக்கம் கதை வேறு. லைவ் நேஷனுக்கு மேடை தெரியும். ஆல்பத்தை வெளியிட்டு வானொலிக்குக் கொண்டுபோகும் வலைப்பின்னல் அவர்களிடம் இல்லை. அதனால் 2011-இல் இன்டர்ஸ்கோப் என்ற இன்னொரு பதிவு நிறுவனத்துடன் மூன்று ஆல்பங்களுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. முதலாவது, 2012-இல் வந்த ‘எம்டிஎன்ஏ’. அமெரிக்காவில் முதல் வாரத்தில் ஏறக்குறைய 359,000 பிரதிகள் விற்று முதலிடம் பிடித்தது. இரண்டாம் வாரம் 48,000 அளவுக்கு இறங்கிவிட்டது. சுற்றுப்பயண டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஆல்பத்தையும் சேர்த்துக் கொடுத்ததால் வந்த முதலிடம் அது. மேடை ஆல்பத்தை விற்றுக் கொடுத்தது. முன்பெல்லாம் ஆல்பம்தான் மேடைக்குக் கூட்டம் சேர்த்தது.

இரண்டாவது ஆல்பம் 2015-இல் வந்த ‘ரெபல் ஹார்ட்’. அதன் முதல் பாடலைப் பிரிட்டனின் பிபிசி ரேடியோ 1 தன் ஒலிபரப்புப் பட்டியலில் சேர்க்கவில்லை. எங்கள் நேயர்கள் இளையோர், பாட்டின் தகுதியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம், வயது காரணமில்லை என்பது நிலையத்தின் விளக்கம். மடோனா அதை ஏற்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அறுபதைத் தாண்டிய ஆண் பாடகர்கள் மேடையில் குதித்தால் ‘இன்னும் இளமை’ என்று எழுதும் பேனாக்கள், பெண் என்றால் ‘இன்னுமா?’ என்று எழுதுகின்றன. என் அத்தையும் அதே சொல்லைத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னது ஆச்சரியத்தில்.

அந்த ‘ரெபல் ஹார்ட்’ பயணத்தில்தான் மடோனா முதன்முறையாகச் சிங்கப்பூரில் பாடினார். 2016 பிப்ரவரி 28, தேசிய அரங்கம். 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் அனுமதி.

மூன்றாவது ஆல்பமான ‘மேடம் எக்ஸ்’ 2019-இல் வந்தது. மகனின் காற்பந்துப் பயிற்சிக்காகப் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் குடியேறியவர், அங்கே கேட்ட ஃபாடோ இசையையும் கேப் வெர்டே தீவுப் பெண்களின் தாளக்கட்டையும் அதில் சேர்த்தார். பெரிய அரங்கங்களை விட்டுச் சிறிய நாடக அரங்குகளில் பாடினார். காயங்களால் பல நிகழ்ச்சிகள் ரத்தாகின. இந்த மூன்றில் துணிச்சலானது இதுதான் என்பது என் கருத்து. ஆனால் கூட்டம் கேட்டது பழைய பாடல்களைத்தான்.

பழைய பாடல்கள் இருந்ததோ வார்னரிடம்.

இந்த இடத்தில் சிலர் டெய்லர் ஸ்விஃப்ட்டை நினைக்கலாம். தன் மூலப்பதிவுகள் வேறு கைக்குப் போனதும் அவர் 2021 முதல் பழைய ஆல்பங்களை ஒவ்வொன்றாக மறுபடி பாடி வெளியிட்டார். 2025-இல் மூலப்பதிவுகளையே விலைக்கு வாங்கிவிட்டார். சொந்த நிலத்தில் அதே கன்றை நட்டு வளர்த்தது போல. நம் நாட்டில் டத்தோ ஸ்ரீ சித்தி நூர்ஹலிசா வேறு வழியில் போனார். சூரியா ரெக்கார்ட்ஸை விட்டு வந்தபின் சொந்த நிறுவனம் தொடங்கி, 2006-இல் ‘டிரான்ஸ்கிரிப்சி’ ஆல்பத்தை வெளியிட்டார். பழையதைத் தொடாமல், இனிப் பாடுவதைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளும் வழி அது.

மடோனா இரண்டையும் செய்யவில்லை. 2021 ஆகஸ்டில் வார்னருடன் கைகுலுக்கினார். நாற்பதாண்டுப் பாடல்களையும் அவருடைய மேற்பார்வையில் மறுவெளியீடு செய்வது, 2025 முதல் இன்டர்ஸ்கோப் காலத்து மூன்று ஆல்பங்களையும் வார்னரிடமே கொண்டுவருவது என்று ஏற்பாடு. ஆக, 2025 செப்டம்பர் அறிவிப்பு திடீர் முடிவல்ல. பழைய பாடல்களுக்காக 2021-இல் திறந்த கதவு வழியாகவே புதிய ஆல்பமும் போகிறது. எல்லாப் பதிவுகளும் ஒரே இடத்தில் இருந்தால், புதிய பாட்டு ஒன்று ஓடும்போது பழையதும் சேர்ந்து ஓடும். கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் இந்தக் காலத்தில் அதுதான் வருமானம். பெரும்பாலும் இதில் இரு தரப்புக்கும் லாபம்.

நடுவில் அவர் உயிருக்கே ஆபத்து வந்தது. 2023 ஜூனில் கடுமையான நோய்த்தொற்றுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். ஜூலையில் தொடங்கவிருந்த பயணம் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. புதிய ஆல்பம் எதுவும் இல்லாமல், தன் பழைய பாடல்களை மட்டுமே நம்பி அவர் போன முதல் சுற்றுப்பயணம் அது. 2024 மே 4-ஆம் தேதி பிரேசிலின் கோபகபானா கடற்கரையில் இலவச நிகழ்ச்சியோடு முடிந்தது. திரண்டவர்கள் சுமார் 16 லட்சம் பேர் என்றார்கள் நகர அதிகாரிகள்.

அந்தக் காணொளியை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை பார்த்தார். பிறகு, விடுதிக் காலத்து காசெட் இன்னும் அலமாரிக்குள் எங்கேயோ இருக்கிறது, தேடிப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போனார்.