கரைப்பான் தேர்வும் கடைமடை நிலமும்

காவிரியின் கடைமடையான காரைக்காலில், மேலவாஞ்சூரில் இயங்கும் கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலை, பி.வி.சி. பிளாஸ்டிக்கிற்கு மூலப்பொருளான எத்திலீன் டைகுளோரைடைத் தயாரிக்கிறது. இதே திரவம் வேறு தொழில்களில் கரைப்பானாக, அதாவது வினைபுரியும் பொருள்களைக் கரைத்து ஒன்றுசேர்க்கும் ஊடகமாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. மூலப்பொருளாக ஏற்கப்படும் ஒன்று, கரைப்பானாகத் தவிர்க்கப்பட வேண்டியதாவதால், பசுமையான கரைப்பானைத் தேர்வதிலுள்ள சிக்கலை இது தெளிவாகக் காட்டுகிறது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை எத்திலீன் டைகுளோரைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்னும் 2பி பிரிவில் வைத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 நவம்பர் 22-க்குப் பின் தனி அனுமதியின்றி இதைக் கரைப்பானாகப் பயன்படுத்த இயலாது. தண்ணீரைவிட ஏறத்தாழ 1.25 மடங்கு அடர்த்தி கொண்டது என்பதால், மண்ணில் கசிந்தால் நிலத்தடி நீரின் மேல் மிதக்காமல் அடியில் இறங்கித் தங்கி, நெடுங்காலம் சிறுகச் சிறுகக் கரையும் தன்மையுடையது. மணற்பாங்கான கடலோரச் சமவெளிக்கு இது புறக்கணிக்கத்தக்க ஆபத்தன்று.

ஆயினும், இத்திரவத்தைத் தயாரிக்கும் முறையிலேயே ஒரு பாடம் உள்ளது. நேரடிக் குளோரினேற்றம் எனப்படும் வழக்கமான முறையில், எத்திலீன் வாயுவும் குளோரின் வாயுவும், பெரிக் குளோரைடு என்னும் வினையூக்கி கரைந்துள்ள எத்திலீன் டைகுளோரைடுக்குள்ளேயே செலுத்தப்படுகின்றன. வினையில் பெருகும் வெப்பத்தால் அத்திரவம் சுமார் 83 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாக மேலேறும்படி கலனை அமைத்தால், ஆவி வெப்பத்தைச் சுமந்து செல்ல, வினையூக்கி கலனிலேயே தங்கிவிடுகிறது. விளைபொருளே கரைப்பானாகவும் குளிர்விப்பானாகவும் அமைவதால், வேறொரு கரைப்பானை வாங்கவும் பிரிக்கவும் வேண்டியதில்லை.

விளைபொருள் இவ்வாறு உதவாத இடங்களில் தண்ணீர் கைகொடுக்கலாம். ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் 1984-இல் தொடங்கிய ஆலையில், தண்ணீரில் கரையும் ரோடியம் வினையூக்கி புரோப்பிலீனைப் பியூட்டிரால்டிஹைடாக மாற்ற, விளைபொருள் எண்ணெய்ப் படலமாகத் தனியே பிரிகிறது. விலைமிக்க ரோடியம் தண்ணீருடன் மறுசுழற்சிக்குத் திரும்புகிறது.

பசுமைக் கரைப்பான் என்றதும் தாவரத்திலிருந்து கிடைப்பவை நினைவுக்கு வரலாம்; ஆனால் அதனாலேயே ஒரு கரைப்பான் பசுமையானதாகிவிடாது. அதன் நச்சுத்தன்மையோடு, வினையூக்கி அதில் நீடிக்குமா, விளைபொருள் எளிதில் பிரியுமா, மீட்டெடுக்க எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்பவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஆலை எழுந்த பின் கரைப்பானை மாற்றுவதென்றால் கலன்களையும் காய்ச்சி வடிக்கும் கோபுரங்களையும் மாற்ற நேரும் என்பதால், இக்கேள்விகளுக்கு ஆய்வகத்திலேயே விடை காண்பதுதான் தொழிலுக்குச் சிக்கனம், கடைமடை நிலத்துக்குப் பாதுகாப்பு.