மலை ரயிலை போட்டோ எடுக்கப் போறீங்களா? இன்ஜின் எங்கே இருக்கும்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க!

நீலகிரி மலை ரயிலில் போய் வந்தவர்களின் செல்போனைத் திறந்தால், நீலப் பெட்டிகள் இருக்கும், பச்சை மலை இருக்கும், ஏகப்பட்ட செல்ஃபி இருக்கும். நீராவி இன்ஜின் மட்டும் சரியாக விழுந்திருக்காது. தப்பு கேமராவில் இல்லை, இடத்தேர்வில்.

இன்ஜின் பின்னாடிதான்!

மற்ற ரயில்களில் இன்ஜின் முன்னால் நின்று இழுக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் இந்த ரயிலில், பின்னால் நின்று தள்ளும். 12 அடி போனால் 1 அடி ஏறுகிற அளவுக்குச் செங்குத்தான பாதை. பெட்டி எதுவும் கழன்று கீழே உருண்டுவிடக் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு. இறங்கும்போது அதே இன்ஜின் முன்னால் வரும். ஆனால் சரிவில் அதற்கு அவ்வளவு உழைப்பு இல்லை, புகையும் குறைவு. ஆகவே, புகையோடு படம் வேண்டுமென்றால் ஏறும் ரயில்தான் சரி.

இன்னொரு விஷயம்: குன்னூர் - ஊட்டி இடையே வழக்கமாக ஓடுவது டீசல் இன்ஜின். ஊட்டியில் ஏறிவிட்டு நீராவியைத் தேடாதீங்க!

எந்தப் பெட்டியில் உட்காரலாம்?

ஏறும்போது முன்பக்கப் பெட்டிதான் பெஸ்ட். சுமார் 46 கி.மீ பாதையில் 208 வளைவுகள். ரயில் வளையும்போது உள்வளைவுப் பக்க ஜன்னல் வழியே பின்னால் பார்த்தால், பெட்டிகளின் வரிசையும் கடைசியில் புகைவிடும் இன்ஜினும் ஒரே ஃபிரேமில் வரும். ஆனால் தலையையோ கையையோ வெளியே நீட்டக் கூடாது. வழியில் 16 சுரங்கங்கள் இருக்கின்றன.

ஆவி எப்போது அழகு?

உண்மையில் நீராவி கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த காற்று பட்டு நீர்த்துளிகளாக மாறும்போதுதான் வெண்மேகமாகத் தெரிகிறது. குளிர் கூடக் கூட மேகமும் அடர்த்தியாகும். காலை 7 மணியளவில் மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் கிளம்பும் நேரம் இதற்குத் தோது. சாய்ந்து விழும் வெயில் ஆவிக்குப் பின்னாலிருந்து வரும்படி நின்றால், அது ஒளிரும்.

கறுப்பும் வெள்ளையும்

இன்ஜின் கருமையானது என்பதால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ஆவி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். செல்போன் திரையில் ஆவியைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க. படத்தில் இருட்டான இடத்தை அப்புறம் சரிசெய்யலாம். வெளுத்துப்போனதை மீட்க முடியாது. புகை மேலே எழும்ப, ஃபிரேமின் மேல்பகுதியில் இடம் விடுவதும் முக்கியம்.

ஹில்குரோவில் ரயில் தண்ணீர் பிடிக்க நிற்கும். நடைமேடையிலிருந்தே, தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் பல் வைத்த இரும்புப் பட்டையையும் சேர்த்து எடுங்க. மலையேற இன்ஜினின் பல்சக்கரம் பிடித்துக்கொள்வது அதைத்தான். வேலை செய்யும் ஊழியர்களை எடுப்பதாக இருந்தால், ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

தண்டவாளத்தில் இறங்காதீங்க

மெதுவாகத்தானே வருகிறது என்ற நினைப்புதான் ஆபத்து. ரயில் மெதுவாக வந்தாலும், கண் திரையில் இருக்கும்போது தூரம் தெரியாது. அனுமதியின்றி தண்டவாளப் பகுதியில் நுழைவது, 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றமும்கூட.

மழைக்காலத்தில் மண்சரிவால் சேவை ரத்தாவது உண்டு. கிளம்பும் முன் ரயில்வே அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கங்க.