இரண்டாண்டு அட்டையும் இல்லறமும்

தங்கவயல் தமிழ்க் குடும்பங்களுக்குக் குடிபெயர்தல் புதிதன்று. 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின்னர், வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளுடன் வந்து சேர்ந்தனர். சுரங்கத்தில் வேலை உள்ளவர்க்கு லைன் வீடு என்பது அந்நாளைய ஏற்பாடு. 2001 பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது, வேலையைச் சார்ந்த குடியிருப்பு எத்தகையது என்பதை நாம் நன்றாக உணர்ந்தோம். இன்று நம் பெண்மக்களுட் சிலர் மணமாகிக் கடல் கடந்து செல்கின்றனர். அவர்களுடைய குடியிருப்போ மணவாழ்க்கையைச் சார்ந்து நிற்கிறது. ஆகவே அதன் விதிகளைப் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

அமெரிக்க நாட்டை எடுத்துக்கொள்வோம். பொய்த் திருமணங்களைத் தடுக்கும் பொருட்டு 1986 ஆம் ஆண்டில் அந்நாட்டார் தங்கள் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தினர். அதன்படி, திருமணத்தின் வாயிலாக நிரந்தரக் குடியிருப்புக் கிடைக்கும் நாளில் மணமாகி இரண்டாண்டு நிரம்பாதிருந்தால், மனைவி பெறும் கிரீன் கார்டு இரண்டாண்டுக்கு மட்டுமே செல்லும். இதுவே நிபந்தனையுள்ள நிரந்தரக் குடியிருப்பு. கெடு முடியும் நாளுக்கு முந்திய 90 நாட்களுக்குள், கணவனும் மனைவியும் கூட்டாகக் கையொப்பமிட்டு ஐ-751 என்னும் மனுவை அனுப்பவேண்டும். அனுப்பத் தவறினால் உரிமை தானாகவே அற்றுப்போகும்.

இவ்வளவும் அறிந்தவர்கள்கூடத் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. கணவரைக் கம்பெனியார் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ மாற்றுகின்றனர்; மனைவியும் உடன் செல்கிறாள். “கணவர் அமெரிக்கக் குடிமகன், அவருடன்தானே வாழ்கிறேன், என் உரிமைக்கு என்ன குறை?” என்று அவள் எண்ணுவது இயல்பே. ஆனால் சட்டம் கேட்கும் கேள்விகள் இரண்டு. இல்லறம் மெய்யானதா என்பது ஒன்று. நிலையான இருப்பிடம் அமெரிக்காவில் உள்ளதா என்பது மற்றொன்று. கணவருடன் வாழ்தல் முதற் கேள்விக்கு விடையாகும், இரண்டாவதற்கு ஆகாது.

தொடர்ந்து 180 நாட்களுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புபவரைப் புதிதாக நுழைபவரைப் போலவே அதிகாரிகள் விசாரிக்கலாம். ஓராண்டோ அதற்கு மேலோ ஆகிவிட்டால், அட்டையை மட்டும் காட்டித் திரும்ப இயலாது. நெடுநாள் தங்க நேரும் எனத் தெரிந்தால், அமெரிக்காவில் இருக்கும்போதே மறுநுழைவு அனுமதிக்கு மனுச் செய்துவிட்டுப் புறப்படவேண்டும். அந்த அனுமதியும் நிபந்தனைக் கெடுவைத் தாண்டிச் செல்லாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்த் தலைகாட்டி வந்தால் போதும் என்பாரும் உளர். அது சரியன்று. வீடு எங்கே, வரி செலுத்துவது எங்கே, திரும்பும் எண்ணம் உண்டா என்பவற்றையும் நோக்கியே முடிவு செய்வர்.

அமெரிக்க அரசின் ஆணைப்படி வெளிநாட்டில் பணிபுரியும் படைவீரர், அரசு ஊழியர் ஆகியோரின் மனைவியர்க்குத் தனிச் சலுகைகள் உண்டு. அயல்நாட்டு வாணிபம் நடத்தும் அமெரிக்கக் கம்பெனியார் கணவரை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பினால், மனைவி விரைவில் குடியுரிமை கோரவும் ஒரு வழி உண்டு. இவை தாமாக வந்து சேரா. தகுதியுடையோர் காலத்தே மனுச் செய்யவேண்டும். ஐ-751 மனுவை வெளிநாட்டிலிருந்தும் அனுப்பலாம். விசாரணைக்கு அழைத்தால் அமெரிக்கா திரும்பியாக வேண்டும்.

இவ்வாறு இல்லறத்தையும் இருப்பிடத்தையும் சேர்த்து எண்ணும் சட்டத்தை நம் இனத்தார் முன்னரே கண்டிருக்கின்றனர். இலங்கையில் 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்றது. ஒருமுறைக்கு 12 மாதத்துக்கு உட்பட்ட பயணத்தைப் பொறுத்துக்கொண்டது. ஆனால் கணவன் வாழ்ந்தது மட்டும் போதவில்லை. மணமான ஓராண்டுக்குள் மனைவியும் அங்கே வந்து தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. மனைவியைத் தமிழ்நாட்டில் விட்டுவிட்டுப் பிழைக்கச் சென்றவனுக்கு இவ்விதி எத்துணை இடராயிற்று என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக மனுக்கள் போயின. குடியுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. 1964 அக்டோபர் 30 இல் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் செய்தனர்; அதன் பின்னரும் நாடற்றோர் எஞ்சி நின்றனர். எஞ்சியோர்க்கு வழிசெய்ய 2003 ஆம் ஆண்டில் இலங்கை புதிய சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நாட்கணக்கும் தாள்களும் மக்கள் வாழ்வை எவ்வளவு தூரம் அலைக்கழிக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆகலின் பெண்ணை அனுப்பும் குடும்பத்தார் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். அட்டையின் கெடு நாளைப் பிறந்த வீட்டாரும் குறித்து வைத்துக்கொள்ளுதல் நல்லது. பிள்ளைப்பேற்றுக்கு அழைக்குமுன் நாட்களை எண்ணிப் பாருங்கள். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, குழந்தையின் பிறப்புச் சான்று ஆகியவை இல்லறத்துக்குச் சாட்சிகள். அவற்றின் படிகள் மனைவியின் கையிலும் இருத்தல் வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திக் கூறவேண்டும். “நான் கையொப்பமிடாவிட்டால் நீ ஊருக்குப் போகவேண்டியதுதான்” என்று அச்சுறுத்தும் கணவரும் இருக்கலாம். அச்சொல்லுக்கு அஞ்சி அடியும் வசவும் பொறுத்திருக்க வேண்டுவதில்லை. நல்லெண்ணத்துடன் மணந்து, பின் மணமுறிவு நேர்ந்தாலும், கணவர் கொடுமை செய்தாலும், மனைவி தனியே மனுச் செய்ய அதே சட்டம் இடம் தருகிறது. கணவர் இறந்துவிட்டாலும் வழி உண்டு. அத்தகைய வேளையில் தக்க வழக்கறிஞரை நாடுதல் வேண்டும்.

சீரும் நகையும் கொடுத்து அனுப்பும் பெற்றோர், இந்தச் சட்ட அறிவையும் மகளுக்குக் கொடுத்து அனுப்புவார்களாக. அயல்நாட்டில் அவள் தலைநிமிர்ந்து வாழ அது துணைசெய்யும்.